கலைச்சொல் வேண்டும்: கர்ப்பகால நீரிழிவில் 'கார்ப் கவுண்டிங்'

அனைவருக்கும் வணக்கம். கர்ப்பகால நீரிழிவு உள்ள தாய்மாருக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'கார்ப் கவுண்டிங்' மட்டும்தான் நிற்கிறது. ஒவ்வொரு வேளையும் சாப்பிடுவதில் கார்போஹைட்ரேட் எத்தனை கிராம் என்று கூட்டிப் பார்ப்பது. 15 கிராம் ஒரு பங்கு, மூன்றில் ஒரு கப் சோறு ஒரு பங்கு என்று போகும். 'மாவுச்சத்து எண்ணுதல்' என்று போட்டிருக்கிறேன், மனம் ஒப்பவில்லை.
(மதுரை)

> மாவுச்சத்து எண்ணுதல்

எண்ணுதல் கூடவே கூடாது. இட்லியை எண்ணலாம், கிராமை எப்படி எண்ணுவது? 'அற்றால் அளவறிந்து உண்க' என்று மருந்து அதிகாரத்திலேயே சொல் இருக்கிறது, எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே. என் பரிந்துரை 'மாவளவறிதல்'. மாவு என்பதே மா தான். பூ பேச்சில் பூவு ஆகிறதல்லவா, அதே உகரம். இன்னொன்றும் உண்டு, பழைய கீழ்வாய்க் கணக்கில், அதாவது பின்னக் கணக்கில், மா என்றால் இருபதில் ஒன்று, அரைமா நாற்பதில் ஒன்று. அளவு இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது என்பேன்.
(தஞ்சாவூர்)

ஐயா, இருபதில் ஒன்று இருக்கட்டும். நான் உணவு ஆலோசனை சொல்கிறவள், எங்களுக்குத் தொல்லையே அந்த 'மாவு'தான். மாவுச்சத்து என்றால் ஸ்டார்ச், கார்போஹைட்ரேட்டில் ஒரு வகை மட்டும். அதைக் கேட்ட பெண் சோற்றையும் தோசையையும் குறைத்துவிட்டு மாம்பழத்தையும் பாலையும் கணக்கில் சேர்க்காமல் விடுகிறாள், பாலில் ஏது மாவு? ஒரு டம்ளர் பாலில் ஏறக்குறைய 10 கிராம் கார்போஹைட்ரேட் இருக்கிறது. கருப்பட்டி நல்லதுதானே என்று அதையும் விட்டுவிடுகிறார்கள். சாப்பிட்டு 2 மணி நேரத்தில் 120க்குள் இருக்க வேண்டிய இரத்தச் சர்க்கரை 150 காட்டும், எங்கே தப்பு என்று தெரியாமல் பயந்துபோய் சோற்றை இன்னும் குறைப்பார்கள். கர்ப்பிணிக்கு நாளுக்கு 175 கிராமாவது வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை, பட்டினி கிடப்பது குழந்தைக்கும் ஆகாது. தயவுசெய்து 'கார்போஹைட்ரேட் கணக்கு' என்றே போடுங்கள், பள்ளிப் புத்தகத்திலேயே அந்தச் சொல் வந்துவிட்டது.
(கோவை)

அம்மா சொல்லும் குறை நியாயம். ஆனால் மாவு பொருந்தவில்லை என்றால் தமிழில் வேறு சொல் ஆக்க வேண்டும், கடன் வாங்குவது தீர்வாகாது. கார்போஹைட்ரேட் என்ற பெயர்ப்படி கரியும் (கார்பன்) நீரும் சேர்ந்தது, ஆகவே 'கரிநீரம்'. கரிநீர அளவறிதல்.
(தஞ்சாவூர்)

இலங்கையில் நாங்கள் 'காபோவைதரேற்று' என்றுதான் படித்தோம். மாப்பொருள் வேறு, அயடீன் விட்டால் கருநீலமாவது அது. காபோவைதரேற்றில் அதுவும் ஒரு வகை, வெல்லமும் (உங்கள் ஊரில் சர்க்கரை) ஒரு வகை. இந்த வேறுபாட்டைச் சிறு வகுப்பிலேயே பிடித்துவிடுவோம். ஒலியைத் தமிழுக்கு இசைத்து எழுதினால் போதும் ஐயா, கடன் என்று கூச வேண்டியதில்லை.
(யாழ்ப்பாணம்)

கரிநீரம் என்று தலைப்பில் பார்த்தால் கர்ப்பிணி அந்தப் பக்கத்தையே படிக்க மாட்டார், அடுப்புக்கரிதான் நினைவுக்கு வரும். அவருக்குக் காலையில் எத்தனை இட்லி என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.
(கோவை)

எல்லோருக்கும் நன்றி. இன்றைக்கே வியாழன், இனி காத்திருக்க முடியாது. 'கார்போஹைட்ரேட் கணக்கு' என்று தலைப்பு வைத்து, கீழேயே 'சோறு, இட்லி, கிழங்கு, பால், பழம், சர்க்கரை, கருப்பட்டி எல்லாவற்றிலும் இருப்பது' என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். மாவுச்சத்து எங்கும் இல்லை, எண்ணுதலும் இல்லை.
(மதுரை)

என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். கணக்கு என்றால் வரவு செலவு. அளவறிதல்தான் சரி, அடுத்த பதிப்பிலாவது பாருங்கள். அப்புறம், 15 கிராமுக்குப் 'பங்கு' என்று போட்டிருப்பதும் பொருந்தாது, பங்கு பிரித்துக் கொடுப்பது. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.
(தஞ்சாவூர்)