வகுப்பில் படித்த மைக்ரோ (நுண்பொருளியல்) வெளியே எதிரில் வந்து நின்றது: உங்கள் அனுபவம்?

பினாங்குக்காரி:
மானியமா, ரொக்கமா என்று ஒப்பிடும் அந்தப் படம் எல்லாருக்கும் தெரியும்தானே. அரசுக்கு ஒரே செலவென்றால், விலையைக் குறைப்பதைவிட காசாகக் கொடுத்தால் ஆள் மேலான சமநோக்கு வளைகோட்டுக்குப் போவார், அதாவது அவருக்குத் திருப்தி கூடும். 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் மானியம் குறைந்து, டீசல் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 3.35க்கு ஏறியது. அதற்கு ஈடாக அரசு தந்த புடி மடானி உதவித்தொகையில் மாதம் 200 வெள்ளி வருகிறதே என்று அந்தப் படத்தை வரைந்து அப்பாவுக்கு விளக்கினேன். அப்பா பழைய பிக்கப்பில் கேமரன் மலையிலிருந்து காய்கறி ஏற்றி வருபவர்.

அவர் எண்ணெய் நிலைய ரசீதைத் திருப்பினார். 300 லிட்டர், பெருக்கல் 1.20, 360 என்று எழுதினார். அதில் 200ஐக் கழித்து, 160ஐச் சுற்றி வட்டம் போட்டார். "இந்த 160 உன் படத்துல எங்கம்மா இருக்கு?" என்று பேனாவால் தட்டிக்கொண்டே இருந்தார். அன்றைய விலையில் மாதம் 167 லிட்டருக்குக் கீழே போட்டவருக்கு 200 போதும். அதற்கு மேல் போனால் பழைய கூடையை, அதாவது முன்பு வாங்கிய அதே அளவுகளை, வாங்க முடியாது. எல்லாருக்கும் ஒரே தொகை என்றால், வண்டியே பிழைப்பாக இருக்கிறவன்தானே அடிபடுகிறான்?

செந்தூல்வாசி:
எனக்குக் கோழி. 2022 ஜூலையில் அரசு வைத்த உச்சவரம்பு விலை கிலோ 9.40 வெள்ளி. பசாரில் விலைப் பலகை பளிச்சென்று தொங்குகிறது, கீழே மேடை காலி. முழுக்கோழி எப்போதோ முடிந்துவிட்டது. கடைக்கார அண்ணன் ஐஸ் பெட்டிக்குள் இருந்து ஒரு பையை எடுத்து, வழக்கமாக வரும் அக்காவிடம் சத்தமில்லாமல் நீட்டினார். எனக்குப் பின்னால் நின்ற பாட்டி பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றார். வரைபடத்தில் பற்றாக்குறை என்று ஒரு இடைவெளி போடுவோம். இருக்கிற கோழி யார் கைக்குப் போகும் என்பதை அந்த இடைவெளி சொல்வதில்லை.

பொருளியல்_எம்ஏ:
பினாங்குக்காரி, அப்பா அதே 300 லிட்டர் போடுவார் என்று வைத்தால்தான் 160. விலை ஏறினால் அளவு குறையும், அதனால் உண்மையான இழப்பு 160க்குக் கீழே. கடத்தலையும் மறக்கக்கூடாது. மலிவு டீசல் யார் யாருக்கோ போய்க்கொண்டிருந்தது, அதை அடைத்தே ஆகவேண்டும்.

என் அனுபவம் சின்னது. 2025 செப்டம்பர் கடைசியில் புடி95 என்ற பெட்ரோல் மானியத் திட்டம் வந்தபோது, மைகாட்டை (அடையாள அட்டை) செருகியதும் திரையில் மீதி லிட்டர் வந்தது. அப்போது மாதம் 300 லிட்டர் வரை 1.99, அதற்கு மேல் 2.60. கையிலுள்ள காசில் எதெதை எவ்வளவு வாங்கலாம் என்று காட்டும் பட்ஜெட் கோடு, விலை மாறும் இடத்தில் முறிந்து கண்ணெதிரே!

படிக்கிறவர்களுக்கு ஒன்று. லாக்ராஞ்ச் என்ற கணித முறையை மனப்பாடம் செய்யாதீர்கள். முதலில் பட்ஜெட் கோட்டை வரையுங்கள், முறிவு எங்கே என்று பாருங்கள், அப்புறம் வளைகோடு. விலை மாற்றத்தின் விளைவைப் பிரிக்க இரண்டு முறை உண்டு: ஸ்லட்ஸ்கி முறையில் பழைய கூடை வழியாகப் புதுக் கோட்டை இழுங்கள். ஹிக்ஸ் முறையில் பழைய வளைகோட்டைத் தொடும்படி. இரண்டையும் கலக்காதீர்கள். தினம் ஒரு கணக்காவது கையால் போடுங்கள்.

பினாங்குக்காரி:
அண்ணா, தேர்வுக்கு வழி நான் கேட்கவில்லை. அளவு குறைந்தது உண்மைதான். இரண்டு நடையை ஒன்றாக்கினார். பாதிக் கீரை வாடியே வந்து சேர்ந்தது, பழைய வாடிக்கைக் கடை ஒன்று கைவிட்டுப் போனது. இதையும் இழப்பில் சேர்த்து யாராவது கணக்குப் போட்டிருந்தால் இங்கே போடுங்கள், அப்பாவிடம் காட்டவேண்டும்.