மாதம் 25 டொலர் வாக்குறுதி: சோசியல் கிரெடிட் சொன்னதில் நியாயம் உண்டா?

உப்புவெளியான்:
கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்தில் 1935இல் சோசியல் கிரெடிட் என்ற புதுக் கட்சி 63 இடங்களில் 56ஐப் பிடித்தது. வளர்ந்தவர் ஒவ்வொருவருக்கும் மாதம் 25 டொலர் என்பது வாக்குறுதி. இன்று அந்தக் கட்சியை அங்கே யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் அதற்கு வழிகாட்டிய பிரித்தானியப் பொறியியலாளர் மேஜர் டக்ளஸின் கேள்வி எனக்குச் சரியாகவே படுகிறது. முதலாம் உலகப்போர்க் காலத்தில் ஒரு விமானத் தொழிற்சாலையின் கணக்கைப் பார்த்தார். வாராவாரம் ஏறிய செலவைவிடச் சம்பளமாகக் கொடுபட்டது குறைவு. அப்போ அத்தனை பொருளையும் வாங்கச் சனத்திடம் காசு ஏது? கடன்தான். அந்தக் கடனுக்குப் பதில் அரசே சனத்துக்குக் காசாகப் பங்கு கொடுக்கட்டும் என்றார். எங்கள் ஒழுங்கையில் செவ்வாய்க்கிழமை காலையில் பாதி வீட்டுக் கதவு சாத்தியிருக்கும். நுண்கடன்காரர் வரும் நாள் அது.

கணக்கு ரீச்சர்:
தம்பி, கதவு சாத்துவது எனக்கும் தெரியும். ஆனால் டக்ளஸின் கணக்கு பிழை. மூலப்பொருளுக்குக் கொடுத்த காசும் இன்னொரு இடத்தில் யாரோ ஒருவருக்குச் சம்பளமாகத்தானே போனது? அல்பேர்ட்டாவில் அந்த 25 டொலர் ஒரு மாதம்கூடக் கிடைக்கவில்லை. 1936இல் செழிப்புச் சான்றிதழ் என்று காசுபோலப் புழங்க ஒரு தாள் அடித்தார்கள். வாரம் ஒரு சத முத்திரை ஒட்டாவிட்டால் அதன் மதிப்பு நிற்காது. நாங்களும் அச்சடித்த காசைப் பார்த்தவர்கள்தான். இலங்கையில் 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்தன. நான் கானோடு வரிசையில் நின்றேன்.

உப்புவெளியான்:
ரீச்சர், மூலப்பொருள் விசயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் 2022இல் அடித்த காசு அரசின் பற்றாக்குறைக்குப் போனது, சனத்தின் பங்காக வரவில்லை. எண்ணெய் வராததற்குக் காரணம் டொலர் இல்லாதது. அல்பேர்ட்டாவிலும் கட்சியைச் செய்யவிட்டார்களா? வங்கி மத்திய அரசின் அதிகாரம் என்று 1938இல் கனடா உயர் நீதிமன்றம் கட்சி கொண்டுவந்த சட்டங்களைத் தள்ளியது.

மூதூர் விவசாயி:
இரண்டு பேரும் அரசு மலிவாகக் கொடுத்த கூப்பன் அரிசியை மறந்துவிட்டீர்கள். அதுவும் அரசு கொடுத்த பங்குதான், ஆனால் பொருளாக வந்தது. 1953இல் 25 சத அரிசியை 70 சதமாக்கியபோது நாடே ஹர்த்தால் செய்தது, பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். காசைக் கூட்டிக் கொடுத்தால் மட்டும் என் வயலில் நெல் கூடுதலாக விளையாது அண்ணை. முதலில் குளத்தையும் வாய்க்காலையும் திருத்துங்கள்.

கணக்கு ரீச்சர்:
அதைத்தான் நானும் சொல்கிறேன். இன்னொன்று, டக்ளஸ் பின்னாளில் எல்லாம் யூதர் சதி என்று எழுதினார். அவரைப் புகழும்போது அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தம்பி, நுண்கடன் வட்டிக்கு உச்சவரம்பு கேட்டு மனு எழுதுங்கள். முதல் கையெழுத்து என்னுடையது.