புதுப்பிப்பு: பத்மினிக்கு ஃபேன் மாற்றியாச்சு

என் 1982 பிரீமியர் பத்மினி கார் நெடுஞ்சாலையில் ஜோராக ஓடுகிறது, வேலூர் கிரீன் சர்க்கிள் நெரிசலில் நின்றால் மட்டும் கொதிக்கிறது, எலக்ட்ரிக் ஃபேன் போடலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

முதலில் இன்ஜின் தண்ணீரை ஆறவைக்கும் ரேடியேட்டரைக் கழற்றினேன். தகடுகளுக்கு நடுவே காய்ந்த சேறும் பூச்சியும் அப்பிக்கிடந்தன. மடங்கியிருந்த தகடுகளைச் சின்ன திருப்புளியால் ஒவ்வொன்றாக நிமிர்த்தவே ஒரு மாலை போனது. ஃபேன் வாங்கும் முன் எல்லோரும் இதைச் செய்துவிடுங்கள்.

பழைய ஃபேன் வாட்டர் பம்ப்போடு சேர்ந்து பெல்ட்டில் சுற்றுவது. ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது, இன்ஜின் மெதுவாக ஓடும், ஃபேனும் மெதுவாகத்தான் சுற்றும். நின்ற வண்டிக்கு எதிர்க்காற்றும் இல்லை. அதனால் 12 அங்குல எலக்ட்ரிக் ஃபேனை ரேடியேட்டரின் இன்ஜின் பக்கம், காற்றை இழுக்கும்படி வைத்தேன். முன்பக்கம் வைத்துத் தள்ளவிட்டால், ஓடும்போது வரும் காற்றை அதுவே மறைக்கும். பழைய இறக்கை மட்டும் போனது. பெல்ட் அப்படியே இருக்கிறது, பம்ப்புக்கு அது வேண்டுமே.

ரேடியேட்டர் தகடுகளுக்குள் பிளாஸ்டிக் டை நுழைத்து ஃபேனைக் கட்டலாம் என்றார் ஒரு மெக்கானிக். மறுத்துவிட்டேன், அதிர்வில் தகடு அறுந்துவிடும். காட்பாடி பட்டறையில் இரும்புப் பட்டை வளைத்து வாங்கி மாட்டினேன்.

வயரிங்குக்கு ரிலே (சின்ன கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு அணைப்பது), ஃபியூஸ், தண்ணீர் 92 டிகிரி ஆனதும் ஃபேனைப் போட்டு 87-இல் அணைக்கும் சுவிட்ச், அவ்வளவுதான். என் வண்டியில் கரண்ட் தயாரிக்க ஆல்டர்னேட்டர் இருக்கிறது. அதற்குப் பதில் பழைய வகை டைனமோ உள்ள வண்டிக்காரர்கள் முதலில் அதைக் கவனியுங்கள், ஐடிலிங்கில் கரண்ட் போதாது.

ஞாயிறு மதியம் வெயிலில் இருபது நிமிடம் நெரிசலில் நின்றேன். வெப்பமானி முள் பாதியைத் தாண்டவில்லை.