அத்தா வீடு குரூப்: மூத்திர டியூப் போட்டிருக்கும்போது தொழலாமா?

தங்கச்சி: அஸ்ஸலாமு அலைக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து அத்தா தொழவே இல்லை. சுபுஹுக்கு (அதிகாலைத் தொழுகைக்கு) வழக்கம்போல எழுந்து உட்காருகிறார், பள்ளியில் பாங்கு சொல்லி முடிக்கும் வரை கேட்கிறார், அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுகிறார். கேட்டால், "மூத்திரப் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு அல்லாஹ் முன்னால எப்படி நிக்கிறது, உடம்பே நஜீஸா, அசுத்தமா கிடக்கு" என்கிறார்.

பெரியண்ணன்: வஅலைக்கும் ஸலாம். டியூப் எடுக்க நாளாகும் என்றுதானே டாக்டர் சொன்னார். அதுவரை நோன்புக்குக் கொடுப்பது மாதிரி ஃபித்யா (பரிகார தானம்) கொடுத்துவிடலாமா?

அக்கா வீட்டு மச்சான்: உயிரோடு, சுயநினைவோடு இருப்பவருடைய தொழுகைக்கு ஃபித்யா கிடையாது மச்சான். தலையசைத்தாவது தொழ முடிகிறவர் தொழத்தான் வேண்டும்.

அக்கா: ஆனால் ஒளூ (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவிச் செய்யும் சுத்தம்) நிற்காதே? சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டே இருக்கிறதே.

நான்: மதியம் லுஹர் தொழுகை முடிந்து வண்ணாரப்பேட்டையில் நம்ம ஹஸ்ரத்தை (மார்க்க அறிஞரை) பார்த்துக் கேட்டுவிட்டுத்தான் வருகிறேன். அத்தா மாதிரி இருப்பவர் மஃதூர், அதாவது ஒளூ செய்து பர்ளு (கடமைத் தொழுகை) தொழுகிற நேரம்கூட நிற்காமல் ஒரு வக்து (ஒரு தொழுகை நேரம்) முழுக்கப் போய்க்கொண்டே இருப்பவர். வக்து வந்த பிறகு ஒளூ செய்ய வேண்டும், அந்த ஒரே ஒளூவில் அந்த வக்து முடியும் வரை பர்ளு, சுன்னத் (நபிவழித் தொழுகை), களா (விட்டுப்போனது) எல்லாம் தொழலாம், குர்ஆனும் எடுத்து ஓதலாம். டியூபில் இறங்குவதால் ஒளூ முறியாது. காற்றுப் பிரிந்தால், அல்லது வேறு காரணத்தால் முறிந்தால்தான் திரும்பச் செய்ய வேண்டும். வக்து போனதும் அந்த ஒளூவும் போய்விடும், அடுத்த வக்துக்குப் புதிதாகச் செய்ய வேண்டும். பையைக் கழற்ற முடியாது என்கிறபோது அது உடம்போடு இருப்பதும் மன்னிக்கப்பட்டது.

நான்: இது நமக்காக யாரோ வளைத்துக் கொடுத்த சலுகை இல்லை என்று அத்தாவிடம் அழுத்திச் சொல்லுங்கள். ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) என்ற நபித்தோழி, ரத்தம் நிற்கவே மாட்டேன் என்கிறது, தொழுகையை விட்டுவிடட்டுமா என்று ரசூலுல்லாஹ்விடம் (ஸல்) வந்து கேட்டார்கள். வேண்டாம், அது நரம்பிலிருந்து வருவது, மாதவிடாய் நாட்களில் மட்டும் விட்டுவிடு, அது போனதும் ரத்தத்தைக் கழுவிவிட்டுத் தொழு என்றுதான் பதில் வந்தது. புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. அத்தா கேட்கிற அதே கேள்விதான்.

தங்கச்சி: இடது கையில் மாவுக்கட்டு இருக்கிறதே, அதற்கு? அம்மா தயம்மும் (தண்ணீருக்குப் பதில் மண்ணைத் தொட்டுச் செய்யும் சுத்தம்) செய்யச் செங்கல் எடுத்து வைத்திருக்கிறார்.

நான்: செங்கல் வேண்டாம். தண்ணீர் பட்டால் கெடுதல் என்று டாக்டர் சொன்னது கட்டுக்கு மட்டும்தான். முகம், வலது கை, கால் எல்லாம் நன்றாக இருக்கிறது, அதையெல்லாம் வழக்கம்போலக் கழுவி, தலைக்கு மஸஹ் செய்து (ஈரக் கையால் தடவி), இடது கை முறை வரும்போது கட்டின் மேல் ஈரக் கையால் ஒரு தடவை தடவினால் போதும். கட்டுக்கு வெளியே தெரிகிற விரல்நுனிகளை நனைத்துவிடுங்கள்.

அக்கா வீட்டு மச்சான்: எங்கள் கீழக்கரைப் பக்கம் ஷாஃபி மத்ஹபு (மார்க்கச் சட்டப் பிரிவு), அதில் கட்டுக்கு மஸஹோடு தயம்முமும் சேர்த்துச் செய்ய வேண்டும். மாமா ஹனஃபி, அவர் சிறு வயதிலிருந்து செய்து வருகிறபடியே போகட்டும், இரண்டையும் கலந்து அவரைக் குழப்ப வேண்டாம்.

அம்மா: நின்னு தொழ முடியாதுன்னும் ஒரு குறை அவருக்கு

அக்கா வீட்டு மச்சான்: மாமி, இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) மூல நோயோடு போய்க் கேட்டதற்கு, நின்று தொழு, முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்துத் தொழு என்றார்கள் ரசூலுல்லாஹ் (ஸல்). நாற்காலியில் உட்கார்ந்து, ருகூவுக்குக் கொஞ்சம் குனிந்து, ஸஜ்தாவுக்கு (நெற்றியைத் தரையில் வைப்பதற்குப் பதில்) அதைவிடக் கொஞ்சம் அதிகமாகக் குனியட்டும். தலையணையை நெற்றிக்குத் தூக்கிக் கொடுக்காதீர்கள்.

அக்கா: வெள்ளிக்கிழமை ஜும்ஆ?

அக்கா வீட்டு மச்சான்: நோயாளிக்குக் கடமை இல்லை. வீட்டில் லுஹர்.

பெரியண்ணன்: ஆஸ்பத்திரியில் விட்ட வக்துகள்?

நான்: நினைவோடு இருந்தார், அதனால் களா உண்டு. ஒவ்வொரு வக்தோடும் ஒன்றைச் சேர்த்துத் தொழட்டும், உடம்பைப் போட்டு வருத்த வேண்டாம்.

தங்கச்சி: குளியலறைக்குக் கூட்டிப் போக முடியாது, ஈரத் தரையில் திரும்ப விழுந்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

நான்: கட்டிலிலேயே செய்துவிடலாம். மடியில் பிளாஸ்டிக் விரிப்பு, எதிரில் பேசின், கெண்டியில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். ரசூலுல்லாஹ் (ஸல்) ஒரு ‘முத்து’ (இரண்டு கையும் சேர்த்து அள்ளும் அளவு) தண்ணீரில் ஒளூ செய்திருக்கிறார்கள், ஒரு லிட்டர்கூட வராது. அதற்கு முன்னால் பையைக் காலி செய்து, சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொள். பை எப்போதும் இடுப்புக்குக் கீழேதான் தொங்க வேண்டும், நாற்காலிக்கு மாறும்போது தூக்கிப் பிடித்தால் மூத்திரம் திரும்ப உள்ளே போய்விடும். தொழுவதற்கென்று ஒரு கைலியைத் தனியாக வைத்துவிடுங்கள்.

தங்கச்சி: அம்மா உங்கள் மெசேஜை எல்லாம் அத்தாவுக்கு வாசித்துக் காட்டினார். ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) விஷயத்தை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். அஸருக்கு (மாலைத் தொழுகைக்கு) நாற்காலி கேட்கிறார், வீட்டில் இருப்பது ஆடுகிறது.

பெரியண்ணன்: அல்ஹம்துலில்லாஹ். மண்ணடியில்தான் இருக்கிறேன், வாங்கி வருகிறேன். கை வைத்ததா, வைக்காததா?

அக்கா: கை வைத்தது அண்ணா. சக்கரம் இருக்கக் கூடாது.