தெரு ரோட்டுக்கு யார் பணம் போடுவது?

கேள்வி:
எங்கள் தெருவில் தார் போட்டு இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. முதலில் தலைமுடி அளவு விரிசல், இப்போது சக்கரம் இறங்கும் பள்ளம். சொத்துவரி ஒழுங்காகக் கட்டுகிறேன், பெட்ரோலிலும் வரி. அந்தப் பணம் எங்கே போகிறது?

பதில் 1:
பல நாடுகளில் பெட்ரோல் வரி மேலே உள்ள அரசுக்குப் போகும், தெரு ரோடு உள்ளாட்சி தலையில் விழும். தவிர, புது ரோட்டுக்குத் திறப்பு விழா உண்டு. விரிசல் அடைத்ததற்கு எவராவது ரிப்பன் வெட்டுவார்களா?

பதில் 2:
இருபது வருஷம் ரோடு வேலை பார்த்தவன் நான். தாருக்கு முதல் எதிரி தண்ணீர். விரிசல் வழியாக இறங்கி அடியில் உள்ள ஜல்லிப் படுகையை இளக்கிவிடும். மழை விட்டதும் போய்ப் பாருங்கள், மற்ற இடமெல்லாம் காய்ந்த பிறகும் விரிசல் மட்டும் ஈரக் கோடாகத் தெரியும். அடுத்த பள்ளம் அங்கேதான். அப்புறம் எடை. 1958-60ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் லாரிகளை ஓட்டிச் சோதித்தார்கள். சக்கர அச்சின் மேல் விழும் எடை இரட்டித்தால் சேதம் ஏறக்குறைய 16 மடங்கு. உங்கள் கார் கணக்கிலேயே வராது.

கேட்டவர்:
பக்கத்து மனைக்குத் தினமும் ஜல்லி லாரி வருகிறது. அவர்கள் வரியும் 16 மடங்கா?

பதில் 2:
எங்கே! சரி, குழாய் பதிக்க ரோட்டை வெட்டினார்களா?

கேட்டவர்:
வெட்டினார்கள். மண்ணைத் தள்ளி, காலால் மிதித்துவிட்டுப் போனார்கள்.