செம்பருத்திக் கலப்பில் ‘சீட்லிங்’: ‘விதைவழிச் செடி’ எனலாமா?

வணக்கம்.

வீட்டிலேயே செம்பருத்தியைக் கலந்து விதை எடுப்போர், விதையிலிருந்து வந்த செடியை ‘சீட்லிங்’ (seedling) என்று சொல்வதற்குத் தமிழில் ‘ஒட்டு நாற்று’ என்னும் சொல்லை ஐயா முந்தைய மடலில் முன்வைத்திருந்தார்கள். அதன் இரு பாதிகளிலும் எனக்குத் தடை உண்டு.

வேளாண் வழக்கில் ‘வீரிய ஒட்டு ரகம்’ என்பது இரு பெற்றோரைக் கலந்து பெற்ற விதையைக் குறிப்பதாக நிலைத்துவிட்டது. நெல்லிலும் மக்காச்சோளத்திலும் இனி அதை மாற்ற முயல்வது வீண்வேலை. மாவிலும் ரோஜாவிலுமோ ‘ஒட்டு’ என்றால் ஒரு செடியின் தண்டை இன்னொன்றின் வேர்ச்செடியில் பொருத்துவது. செம்பருத்தியில் இவ்விரண்டும் ஒரே செடியில் சேர்ந்துவிடுகின்றன. பெரிய பூப் பூக்கும் கலப்பு வகைகள் பலவற்றுக்குச் சொந்த வேர் வலுவாக இராது என்பதால், அவற்றை உறுதியான வேர்ச்செடியில் ஒட்டி வளர்ப்பதுண்டு. அதன் தொட்டியில் ‘ஒட்டு’ என்று எழுதி வைத்தால், செடி பிறந்த விதத்தைச் சொல்கிறோமா, பெருக்கிய விதத்தைச் சொல்கிறோமா என்பது விளங்காது.

‘நாற்று’ பிடுங்கி நடும் பருவத்தோடு முடிந்துவிடும் சொல். செம்பருத்தி வளர்ப்போர், விதையிலிருந்து வந்து இன்னும் பெயர் சூட்டப்படாத செடியை, அது ஆளுயரம் வளர்ந்து பூத்த பின்னும் ‘சீட்லிங்’ என்றே அழைக்கிறார்கள்.

‘கலப்பினம்’ போதாதா என்று கேட்கலாம். 1717 வாக்கில் லண்டன் தோட்டக்காரர் தாமஸ் ஃபேர்சைல்ட் கார்னேஷன், ஸ்வீட் வில்லியம் என்னும் பூச்செடிகளைக் கலந்து பெற்ற செடிக்கு அது பொருந்தும். அவை இரு வேறு இனங்கள். (அச்செடி விதை தராததால் ‘ஃபேர்சைல்டின் கோவேறு கழுதை’ என்று பெயர் பெற்றது; கலைச்சொல்லாக்கத்தில் நமக்கு அவ்வளவு துணிச்சல் இல்லை.) நாம் பெயர் தேடுவது ஓர் இனத்துக்கு அன்று, ஒரு தனிச் செடிக்கு.

அச்செடி பிறக்கும் விதம் இது: காலையில் பூ விரிந்ததும் சூலகத்தண்டின் நுனியில் தெரியும் ஐந்து சூலகமுடிகளில் வேறொரு பூவின் மகரந்தத்தைத் தடவி, காம்பில் பெற்றோர் பெயர் எழுதிய சீட்டைக் கட்டுகிறார்கள். கலப்பு பிடிக்காவிட்டால் சில நாட்களில் காம்பு மஞ்சளாகிப் பூவின் அடிப்பகுதி உதிரும். பிடித்தால் புல்லிவட்டம் பசுமை மாறாமல் நிற்க, உள்ளே காய் பருக்கும். ஏறத்தாழ இரு மாதத்தில் காய் பழுப்பேறி ஐந்தாக வெடிக்கும். பெற்றோரே பல தலைமுறைக் கலப்பில் வந்தவை என்பதால், ஒரே காயின் விதைகளைப் போட்டாலும் ஒவ்வொன்றும் தன் போக்கில் பூக்கும். முதல் பூவைக் காணவே பெரும்பாலும் ஓராண்டுக்கு மேல் ஆகும்.

நம் வாசல்களில் பூக்கும் அடுக்குச் செம்பருத்தி எளிதில் காய் பிடிப்பதில்லை. கிளையை ஒடித்து ஊன்றியே பழகியதால் விதையில் வந்த செம்பருத்திக்கென்று ஒரு சொல் நமக்குத் தேவைப்படவில்லை போலும்.

ஆகவே ‘விதைவழிச் செடி’ என்பதை முன்மொழிகிறேன். பதியன், ஒட்டு ஆகியவற்றோடு மயங்காது. செடியின் வயதாலும் கட்டுப்படாது. ‘தாய்வழி’, ‘தந்தைவழி’ என்று நாம் அன்றாடம் சொல்லும் உறவுமுறையோடும் இசைகிறது. ‘விதைக்கன்று’ இதைவிடச் சுருக்கம்தான். ஆனால் பூத்து நிற்கும் செடியைக் கன்று என்பது ஒட்டவில்லை. பெற்றோர் இருவரும் தெரிந்தால் ‘கலப்பு விதைவழிச் செடி’ என விரிக்கலாம். பெயர்ச்சீட்டில் தாயை முதலில் எழுதும் வழக்கம் அப்படியே இருக்கட்டும். தானாகக் காய்த்துத் தந்தை தெரியாமல் வந்தவற்றுக்கு வெறும் ‘விதைவழி’ போதும் என்பது என் கருத்து.