சேஃப்கார்ட்ஸ்: தமிழில் என்ன சொல்வது?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

இந்திய-அமெரிக்க அணுசக்தி உடன்பாட்டைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். சேஃப்டி, செக்யூரிட்டி, சேஃப்கார்ட்ஸ் மூன்றுக்கும் ‘பாதுகாப்பு’ என்றே எழுதிப் பழகிவிட்டோம். மூன்றாவதில் மாட்டிக்கொண்டேன்.

மின்சார உலைகளையும் ராணுவ உலைகளையும் தனித்தனியாகப் பிரிக்கும் 2006 திட்டத்தில், ஓடுவதும் கட்டப்படுவதுமாக இருந்த 22 மின் உலைகளில் 14ஐச் சர்வதேச அணுசக்தி முகமையின் சேஃப்கார்ட்ஸுக்குள் வைக்க இந்தியா ஒப்புக்கொண்டது. கல்பாக்கம் உலைகள் அதில் சேரவில்லை. ‘கல்பாக்கம் பாதுகாப்பு வளையத்துக்கு வெளியே’ என்று எழுதி மாமாவிடம் காட்டினேன். “அங்கே வேலிகூடக் கிடையாதா?” என்று கேட்டார்.

சேஃப்கார்ட்ஸ் என்பது உலை வெடிக்காமல் பார்ப்பதல்ல, திருடன் நுழையாமல் பார்ப்பதும் அல்ல. மின்சாரத்துக்கென்று வந்த யுரேனியம் குண்டுக்குப் போகிறதா என்று பார்ப்பது. அப்படித் திருப்புவதை டைவர்ஷன் என்பார்கள். எடை போட்டு எழுதுவார்கள், சீல் வைப்பார்கள், கேமரா மாட்டுவார்கள், ஆய்வாளர் வந்து சரிபார்ப்பார். 8 கிலோ புளூட்டோனியம் என்றால் ஒரு குண்டுக்குரிய அளவு என்பது முகமையின் கணக்கு. இந்தப் பயம் சும்மா வந்ததல்ல. கனடா கொடுத்த சைரஸ் உலையும் அதை ஓட்ட அமெரிக்கா கொடுத்த கனநீரும் அமைதிப் பணிக்கு என்று சொல்லி வாங்கியவை. 1974 பொக்ரான் குண்டுச் சோதனைக்குப் புளூட்டோனியம் போனது அங்கிருந்துதான். அதன்பின் நமக்கு அணுப்பொருள் விற்க மறுத்து இறுகிய கதவு, அணுப்பொருள் வழங்கும் நாடுகளின் குழு விலக்கு அளித்த 2008 செப்டம்பரில்தான் திறந்தது.

பங்குத் தண்ணீரை ராத்திரியில் தன் வயலுக்குத் திருப்பிக்கொள்வது நமக்குத் தெரியாததா? நிதியை வேறு செலவுக்குத் திருப்பினால்கூட மடைமாற்றம் என்கிறோமே. ஆகவே டைவர்ஷனுக்கு ‘மடைமாற்றம்’, சேஃப்கார்ட்ஸுக்கு ‘மடைக்காவல்’. என்ன சொல்கிறீர்கள்?

மன்னார்குடியிலிருந்து

*

மன்னார்குடி ஐயாவுக்கு,

மடைமாற்றம் அருமை, அப்படியே எடுத்துக்கொள்ளலாம். காவல்தான் உதைக்கிறது. உங்கள் நீடாமங்கலம் மூணாறு தலைப்பு மதகில், மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் ஷட்டரை இறக்கினால் தண்ணீர் நின்றுவிடும். முகமையின் ஆய்வாளரால் எதையும் இறக்க முடியாது. குறைகிறது என்று கண்டால் வியன்னாவில் உள்ள தலைமையகத்துக்கு எழுதுவார், அவ்வளவுதான். காவல் என்று போட்டால் நம் உலைகளை வெளிநாட்டான் பூட்டிவிட்டான் என்றே படிப்பவர் நினைப்பார். 2008 ஜூலையில் இந்த உடன்பாட்டை எதிர்த்து இடதுசாரிகள் ஆதரவை விலக்கி, நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசு 275-256 என்று பிழைத்ததே, அந்தச் சண்டையில் பாதி இந்த மயக்கத்தால் வந்தது என்பேன். ‘மடைக்கணக்கு’ என்று வைக்கலாமே?

உடன்பாட்டை எடைபோடவும் இந்தச் சொல் உதவும். ஆற்றுத் தண்ணீரும் வருகிறது, கொல்லையில் போர்வெல்லும் இருக்கிறது என்று வையுங்கள். ஆற்றுத் தண்ணீருக்குக் கணக்குக் கேட்பவர் போர்வெல் தண்ணீருக்குக் கேட்பதில்லை. 14 உலைகளுக்கு வெளிநாட்டு யுரேனியம் வந்துவிட்டால், சொந்த யுரேனியம் மற்ற 8 உலைகளுக்கும் குண்டுக்கும் மிச்சம். அமெரிக்காவில் இந்த உடன்பாட்டை எதிர்த்தவர்கள் சொன்னது இதைத்தான். பேரத்தில் நமக்குத்தான் ஆதாயம் என்று நான் நினைப்பதும் இதனால்தான். கணக்கை மட்டும் காட்டி எரிபொருள் வாங்கியிருக்கிறோம்.

கும்பகோணத்திலிருந்து

*

கும்பகோணத்து நண்பருக்கு,

ஷட்டர் விஷயம் சரி. காவலை விட்டுவிடுகிறேன். ஆதாயம் பற்றி எனக்கு அவ்வளவு உறுதி இல்லை, அதை அப்புறம் தனியாகப் பேசுவோம். மடைக்கணக்கில் சீலும் கேமராவும் விட்டுப்போகின்றன என்பது ஒரு குறை. ‘மடைநோட்டம்’ என்றும் யோசித்தேன். நோட்டம் விடுவது திருடன் வேலை என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

இப்போதைக்கு ‘கூடங்குளம் மடைக்கணக்கில் உண்டு, கல்பாக்கம் இல்லை’ என்று எழுதி மாமாவிடம் கொடுத்தேன். “அப்போ கல்பாக்கத்திலிருந்து எங்கே திருப்பிக்கொள்கிறார்கள்?” என்றார். வேலியைப் பற்றிக் கேட்கவில்லை.

மன்னார்குடியிலிருந்து